ஆள் ஏறின பிறகுதான் போல்ட்டை முடுக்கணும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடிக் கிருத்திகைக்கு வந்த காவடிக் கூட்டம் கலைந்து திருத்தணி கொஞ்சம் மூச்சுவிட்ட வாரத்தில் நடந்தது இது. பைபாஸ் ஓரம் என் தம்பி வைத்திருக்கும் மெக்கானிக் ஷெட்டில்.

என் கணவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. துருப்பிடித்த பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கிவந்து, பாகம் பாகமாகக் கழற்றிப் புதுசாக்கிக்கொண்டிருந்தார். தறி வேலை போக மீதி நேரமெல்லாம் அதன் அடியில்தான் கிடப்பார். நான் அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வேன். "சக்களத்தி வூட்லயே சாப்டு வர்றதுதானே" என்று திட்டினால், சிரித்துக்கொண்டே கிரீஸ் கையோடு சாப்பிட உட்காருவார். நல்ல பருத்த உடம்பு. அவர் ஏறினால் வண்டி அந்தப் பக்கமாக இறங்கும். "பாவாவப் பாத்தா வண்டியே கும்புடு போடுது" என்று தம்பி தன் மாமனைக் கிண்டலடிப்பான்.

பாதி வேலையில் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. சென்னைக்கு மின்சார ரயிலில் போய்ப் போய் வந்தோம். கடைசியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் என்னிடமும் தம்பியிடமும் தனியாகச் சொல்லிவிட்டார். அவரிடம் நாங்கள் மூச்சுவிடவில்லை. "தேறிட்டீங்க, மொகம் தெளிஞ்சிருக்கு" என்று வாய் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரே ஆசை, அந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு மலையேறி முருகனைப் பார்க்க வேண்டும். அதற்காகவே தம்பி மற்ற வேலைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு வண்டியை முடித்தான்.

பாக்கி இருந்தது அடியிலுள்ள ஸ்பிரிங் போல்ட்டுகளை முடுக்குவது மட்டும்தான். அதற்கு ஒரு முறை இருக்கிறது. போல்ட்டைச் சுற்றி ரப்பர் புஷ் இருக்கும். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துபோகும். நாலு சக்கரமும் தரையில் நின்று, ஓட்டுகிற ஆளும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் முடுக்க வேண்டும். மாமன் மச்சான் இருவருக்கும் இது வேதம்.

தம்பி ஸ்பேனரோடு வண்டிக்கு அடியிலிருந்த குழிக்குள் இறங்கினான். நான் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் டிரைவர் சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். சட்டை தொளதொளவென்று தொங்கியது.

கீழேயிருந்து தம்பி குரல் கொடுத்தான். "இன்னா பாவா, இன்னும் ஏறலியா? சீக்கிரம் ஏறி உக்காருங்க."

அவர் ஏறியும் வண்டி துளிகூட இறங்கியிருக்கவில்லை.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "உக்காந்துகினுதான்டா இருக்கேன்" என்றார்.

நான்தான் சமாளிக்கப் பார்த்தேன். "ஸ்பிரிங் புதுசாச்சே, அதான் எறங்கல."

"ஆங், ஆமா பாவா, புது ஸ்பிரிங்கு" என்றான் தம்பி.

"எனக்கே ஸ்பிரிங்கப் பத்தி சொல்லித் தர்றீங்களா ரெண்டு பேரும்?" என்று சிரித்தார். பிறகு கதவைத் திறந்து மெல்ல இறங்கினார். "யார் ஓட்டப் போறாங்களோ அவங்கள உக்கார வெச்சுதான் முடுக்கணும். நீ ஏறு மே."

"இன்னாங்க பேச்சு இது? எனக்கு ஸ்கூட்டியே ஒழுங்கா வராது" என்று கத்தினேன். அழுகை வந்துவிட்டது.

"கத்துக்க. ஒன் தம்பி சொல்லித் தருவான். இரும்புக் கடைக்கு மட்டும் போட்டுறாத."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குக் கால் நடுங்கியது. பார்க்கச் சகிக்காமல் ஏறி உட்கார்ந்தேன். வண்டி லேசாக இறங்கியது. "இப்ப முடுக்குடா" என்றார்.

மறுநாள் தம்பி ஓட்ட, மூவருமாக மலைக்குப் போவதாக இருந்தோம். மறுநாள் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. ஆவணி முடிவதற்குள் போய்விட்டார்.

தம்பி திட்டித் திட்டி எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தான். இப்போது கிருத்திகைக்குக் கிருத்திகை நானேதான் மலைக்கு ஓட்டிப்போகிறேன். புஷ் ஒன்றுகூடக் கிழியவில்லை. ஆனால், அவருக்குத் தெரியக்கூடாது என்று நாங்கள் பொய் சொன்ன அத்தனை நாளும், எங்கள் மனசு நோகக்கூடாது என்று அவர் தெரியாதவர் போலவே இருந்திருக்கிறார். அந்த நாட்களை அந்த மனுஷன் தனியாக எப்படிக் கடந்தார் என்று நினைத்தால், இன்றைக்கும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி அழுகிறேன்.