மஞ்சள் வைத்த பட்டாளத்துச் சட்டைகள்

என் தங்கையின் வீட்டுக்காரர் தபால்தலை சேர்த்தார். எனக்கு வாய்த்தவர் பட்டாளத்துக்காரர்கள் கழற்றிப்போட்ட சட்டைகளைச் சேர்த்தார். அதிலும் வெறும் காக்கிச் சட்டை என்றால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். காட்டுக்குள் நின்றால் ஆள் தெரியக்கூடாது என்று பச்சையும் பழுப்புமாகச் சாயம் அடித்திருப்பார்களே, அந்த உருமறைப்புச் சட்டைதான் வேண்டும். அதுவும் போன யுத்தத்தில் யாராவது போட்டதாக இருக்கவேண்டும்.

இத்தனைக்கும் அவர் ஒருநாள்கூடப் பட்டாளத்தில் இருந்ததில்லை. செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கிராணி. கயிறு, ஆணி, பெயிண்ட் எடுத்துக் கொடுக்கும் இடத்தில் எழுத்து வேலை. வீட்டில் கரப்பான்பூச்சி பறந்தால் நாற்காலிமேல் ஏறி நின்று என்னைக் கூப்பிடுவார். நான் துடைப்பத்தோடு போனால், "பார்த்து, பார்த்து" என்று மேலே நின்றபடி எனக்கு யோசனை சொல்வார்.

கல்யாணமான புதிதில் தேக்காவில் ஒரு கடை வீட்டின் மாடி அறையில் இருந்தோம். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வந்ததும், அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு சுங்கை ரோட்டுச் சந்தைக்கு நடந்துவிடுவார். பழைய சாமான்களைத் தரையில் பரப்பி விற்கும் சந்தை அது. ஒற்றைச் செருப்பிலிருந்து ஓடாத கடிகாரம்வரை எல்லாம் கிடைக்கும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன துணிகளும் எப்படியோ அங்கேதான் வந்து சேரும். பல வாரம் வெறுங்கையோடு திரும்புவார். கையில் காகிதப் பொட்டலம் இருந்தால் மாடிப்படி ஏறுகிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

வந்ததும் கட்டிலில் விரிப்பார். "இங்க பாரு. இது பாராசூட்ல குதிக்கிறவங்க போட்டது. இந்த பிரஷ் கோடு இருக்குல்ல, இதே மாதிரி இன்னொரு சட்டையில இருக்காது."

"கீரைக்கூட்டு கொட்டித் துடைக்காம விட்ட மாதிரி இருக்கு" என்பேன்.

"உனக்கு ரசனை இல்ல."

"இருந்தா உங்களைக் கட்டியிருப்பேனா?"

அமெரிக்கச் சட்டை ஒன்று, ஒருபக்கம் பச்சை, உள்பக்கத்தை வெளியே திருப்பினால் காவி. அதைத் திருப்பித் திருப்பி எனக்குக் காட்டியே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. சில சமயம் அதை மாட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்கக் கண்ணாடிமுன் நிற்பார். வெளியே போட்டுக்கொண்டு போனது கிடையாது. வெட்கம்.

ஏன் இந்தக் கிறுக்கு என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். சட்டையை மடித்தபடியே சொன்னார். ஜப்பான்காரன் காலம் முடிந்தபோது அவர் பள்ளிக்கூடம் போகிற வயது. ஒரு காலையில் சிராங்கூன் ரோட்டில் லாரி வந்து நின்றது. இந்த மாதிரிச் சட்டை போட்டவர்கள் இறங்கி, கடைகளுக்கு முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்கள்.

"அவ்வளவு பெரிய ஆளுங்க. வாயைத் திறந்துக்கிட்டு, சின்னப் பிள்ளைங்க மாதிரி தூங்கினாங்க. சண்டை முடிஞ்சிருச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க, நான் நம்பல. அவங்க தூங்குறதைப் பார்த்துத்தான் நம்பினேன்."

அதற்குப் பிறகு அந்தச் சட்டைகளை நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன்.

புதுத்துணி எடுத்தால் ஓரத்தில் கொஞ்சம் ஈர மஞ்சள் தொட்டு வைத்துவிட்டுத்தான் உடுத்துவோம். எங்கள் வீட்டில் கைக்குட்டைக்குக்கூட அது உண்டு. இவர் கொண்டுவரும் சட்டை எவன் உடம்பில் இருந்ததோ, அவன் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தானோ, யாருக்குத் தெரியும்? என் கூறைப்புடவை இருக்கிற அலமாரிக்குள் அது போகவேண்டுமென்றால், காலருக்கு உள்பக்கம் மஞ்சள் வைத்துத்தான் போகவேண்டும். வேறு பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"மியூசியத்துல வைக்கவேண்டிய சாமான் இது. இதுல போய் மஞ்சளா?" என்று கெஞ்சிப் பார்த்தார். நான் மசியவில்லை. ஒவ்வொரு சட்டைக்கும் நான் மஞ்சள் வைக்கும்போது, ஊசி போட்டுக்கொள்பவர்போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

பிறகு எங்களுக்குக் குவீன்ஸ்டவுனில் வீடு கிடைத்தது. ஏழாவது மாடி. வேலைக்குப் போக இரண்டு பஸ் மாறவேண்டும் என்று அவர் முணுமுணுத்தாலும், பெரிய அலமாரி வைக்க இடம் இருக்கிறது என்று உள்ளுக்குள் சந்தோஷம். அந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருடைய கள்ளத்தனத்தைக் கண்டுபிடித்தேன். அலமாரியின் தலையில், பெட்டிக்குப் பின்னால், செய்தித்தாளில் சுற்றி ஒரு சட்டை. பொத்தான் ஒன்றுகூடப் போகவில்லை, சாயம் மங்கவில்லை. அவரிடம் இருந்ததிலேயே உசத்தியானது அதுதான். என் மஞ்சளுக்குத் தப்பவைக்க ஒளித்திருக்கிறார். பார்த்ததும் சிரிப்பு வந்தது. பாவம், ஒன்றாவது அவர் ஆசைப்படி இருக்கட்டும் என்று, தெரியாததுபோல இருந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் இந்தோனேசியாவோடு மோதல் வந்தது. ஊருக்குள் அங்கங்கே குண்டு வெடித்தது. கேட்பாரற்ற பையைப் பார்த்தால் போலீசுக்குச் சொல்லும்படி வானொலியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவருடைய தளத்தில் வாசலிலேயே சோறு கேரியரைத் திறந்து பார்த்தார்களாம்.

அந்த வருஷக் கடைசியில் மழை விடாமல் அடித்தது. அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாசனை. நல்ல வெயில் வந்த முதல் நாள், அவர் வேலைக்குப் போனபின், எல்லாச் சட்டைகளையும் எடுத்தேன். ஒளித்து வைத்ததையும் எடுத்தேன், பூஞ்சை அதைமட்டும் விட்டுவைக்குமா? மூங்கில் கழிகளில் கோத்து, சமையலறை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டேன். எல்லாரும் துணி காயப்போடுவது அப்படித்தானே.

கீழே இருந்து பார்த்தவர்களுக்கு ஒரு படையே ஏழாவது மாடியில் காய்வதாகத் தெரிந்திருக்கிறது. யாரோ போலீசுக்குப் போன் செய்துவிட்டார்கள்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மலாய்க்கார சார்ஜன்ட். இன்னொருவர் தமிழ்க் கான்ஸ்டபிள், சின்ன வயசு. கழிகளை உள்ளே இழுக்கச் சொல்லி, சட்டைகளைக் கூடத்தில் பரப்பினார்கள்.

"வீட்டுக்காரர் எங்கக்கா வேலை பார்க்கிறாரு?" என்று கான்ஸ்டபிள் கேட்டார்.

"செம்பவாங் தளத்துல, ஸ்டோர்ல" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று எனக்கு உறைத்தது. ஸ்டோரில் வேலை பார்க்கிறவன் வீட்டில் பட்டாளத்துச் சட்டைகள். திருடினான் என்பார்கள், அல்லது யாருக்கோ கொடுக்க வைத்திருந்தான் என்பார்கள். இரண்டில் எது என்றாலும் வேலை போய்விடும். அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்தேன். இருவருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்தேன். சார்ஜன்ட் தொடவில்லை.

சாயங்காலம் அவர் கேரியரோடு உள்ளே வந்தார். போலீசைப் பார்க்கவில்லை. முதலில் தரையில் கிடந்த சட்டைகளைத்தான் பார்த்தார். "மிதிச்சிடாதீங்க" என்றார். அப்புறம்தான் யாரிடம் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரிந்தது.

எங்கே கிடைத்தது என்று சார்ஜன்ட் மலாயில் கேட்டார். சுங்கை ரோடு என்றார் இவர். எப்போது? பல வருஷமாக, ஒவ்வொன்றாக. அதற்கு என்ன அத்தாட்சி? சுங்கை ரோட்டில் யார் பில் போட்டுக் கொடுக்கிறார்கள்? இவர் கேரியரைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றார்.

கான்ஸ்டபிள் குனிந்து ஒரு சட்டையின் காலரைத் திருப்பினார். அடுத்ததையும் திருப்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, இது நீங்க வச்சதா?"

"ஆமா. வீட்டுக்குள்ள வர்ற துணிக்கு வைக்காம எப்படி?"

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "குஞ்ஞிட்" என்றார் சார்ஜன்ட்டிடம். மலாயில் மஞ்சளுக்கு அதுதான் பெயர். சார்ஜன்ட் நம்பாமல் காலரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கான்ஸ்டபிள் காலர்களை வரிசையாக வைத்துக் காட்டினார். ஒன்றில் மஞ்சள் மங்கி வெளுத்திருந்தது, அடுத்ததில் கொஞ்சம் அழுத்தம், கடைசியாக வந்ததில் பளிச்சென்று இருந்தது. ஸ்டோரிலிருந்து மொத்தமாகத் தூக்கிய சரக்கு இப்படியா இருக்கும் என்று மலாயில் விளக்கினார். பிறகு என்னிடம், "பயப்படாதீங்க லா அக்கா. தீபாவளித் துணிக்கு எங்கம்மாவும் இப்படித்தான் வைப்பாங்க" என்றார்.

சார்ஜன்ட் மைலோவை எடுத்துக் குடித்தார்.

பிறகு சார்ஜன்ட், வரிசையில் சேராமல் ஒதுங்கிக் கிடந்த கடைசிச் சட்டையைத் தூக்கினார். காலரைத் திருப்பினார். மஞ்சள் இல்லை.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். புதிதுபோல இருந்த அந்த ஒன்றைமட்டும் விசாரிக்கவேண்டும் என்று சார்ஜன்ட் மடித்து எடுத்துக்கொண்டார். "சரி சார்" என்றார் இவர்.

அப்புறம் பல நாள், காலையில் தளத்து வாசலில், உள்ளே போகக் காட்டும் பாஸை வாங்கி வைத்துக்கொள்வார்களோ என்ற பயத்தோடுதான் பஸ் ஏறினார். அப்படி எதுவும் நடக்கவில்லை. விசாரணையும் வரவில்லை, சட்டையும் வரவில்லை. அதை ஏன் கழியில் போட்டாய் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டார். செய்தித்தாளில் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "சும்மா போய்ப் பார்த்துட்டாவது வாங்களேன்" என்று நானே சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

மோதல் ஓய்ந்து சில மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை குழம்புக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நேரே சமையலறைக்கு வந்து, பொட்டலத்தைப் பிரித்து, சட்டையின் காலரைத் தானே திருப்பி என்முன் நீட்டினார்.

"வை" என்றார்.

அம்மிமேல் இருந்த மஞ்சளைத் தொட்டு ஓரத்தில் சின்னதாக வைத்தேன். இந்தத் தடவை அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நன்றாகக் குனிந்து பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் பெரிசா வை" என்றார்.