குளியலறையில் கேட்ட இறுதி ஆட்டம்

பாப்பாரப்பட்டியில் என் வீட்டை ஒட்டி எனக்கொரு காலிமனை இருக்கிறது. மகனுக்கென்று வாங்கிப் போட்டது. அவன் பெங்களூரில் அடுக்குமாடியில் குடியேறிவிட்டான், இங்கே வரமாட்டான். அது தெரிந்திருந்தும், அந்த மனையில் மாலைதோறும் கபடி ஆடிய பெண்களிடம், மகன் வீடு கட்டப் போகிறான் என்று பொய் சொல்லி ஒரு லோடு ஜல்லியைக் கொட்டினேன்.

ஆடியவர்கள் எங்கள் தெருப் பெண்கள்தாம். நைட்டிக்கு உள்ளே டிராக் பேண்ட், மேலே கணவரின் பழைய சட்டை. தலைவி தக்காளி மண்டியில் கூடை தூக்குபவள். தருமபுரியில் நடக்கவிருந்த மாவட்டப் போட்டிக்காகப் பயிற்சி. என் மனையை விட்டால் அவர்களுக்கு வேறு இடமில்லை. ரோட்டில் ஆடினால் மினிபஸ் ஏறிவிடும்.

மனைவியிடம் புழுதி என்றேன், சத்தம் என்றேன். உண்மை வேறு. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது, அவர்கள் என்னைப் பொருட்படுத்தாமல் சிரித்தார்கள். நான் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன். வராந்தாவில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே வகுப்புகள் அடங்கிப்போகும். அந்தக் கௌரவத்தைக் காலிமனையிலும் எதிர்பார்த்தேன்.

மறுநாள் காலை ஸ்கூட்டரை எடுக்கப் போனால், ஜல்லி முழுவதும் என் கேட்டுக்கு முன்னால் அழகாகக் குவிந்திருந்தது. பக்கத்தில் தலைவி கையைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

"கல்லு உங்களுக்குக் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும்னு கொண்டாந்து வச்சுட்டோங்க சார். வூடு கட்டறப்ப அலைய வேண்டாம் பாருங்க."

ஸ்கூட்டர் உள்ளேயே கிடந்தது. ரோஷத்தில் ஒரு மேஸ்திரியைப் பிடித்து, மனையைச் சுற்றி மதில் எழுப்பச் சொன்னேன். திங்கட்கிழமை வேலை தொடக்கம். யாரிடமும் மூச்சு விடாதே என்றும் சொல்லிவைத்தேன்.

அதற்கு முந்தின நாள், இந்தியப் பெண்கள் கபடி அணிக்கு இறுதி ஆட்டம். காலையில் ஒரு வைக்கோல் லாரி தெருவின் கேபிள் வயரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. டிஷ் இருந்தது என் வீட்டில் மட்டும். என் மனைவி என்னைக் கேட்காமலே எல்லோரையும் கூப்பிட்டுவிட்டாள். கூடத்தில் கால் வைக்க இடமில்லை.

தொடக்கத்தில் நம் அணி அடிமேல் அடி வாங்கியது. எனக்கு வயதுக்கே உரிய தொந்தரவு. எழுந்து குளியலறைக்குப் போனேன். தாழ் போட்டதும் வெளியே கூச்சலில் கூரை பிய்ந்துகொண்டு போனது. நம் பெண் ஒரே ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருந்தாள். நான் வந்து உட்கார்ந்தேன். அடுத்த ரெய்டிலேயே அவளை அமுக்கிவிட்டார்கள். மறுபடி போனேன், எதிரணி ஆல் அவுட். மறுபடி வந்தேன், எதிராளி போனஸ் எடுத்துக்கொண்டு போனாள்.

தலைவி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க உள்ளயே போயிருங்க."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? காரண காரியம்னு ஒண்ணு இருக்கு..."

"இருக்கட்டுங்க. அதையும் கூட்டிக்கிட்டுப் போங்க."

என் மனைவி பிளாஸ்டிக் ஸ்டூலைக் கையில் கொடுத்தாள். "நாட்டுக்காகப் போய் உக்காருங்க."

வாளிக்கும் கெய்சருக்கும் நடுவில் உட்கார்ந்து இறுதி ஆட்டத்தைக் கேட்டேன். வர்ணனையாளரின் குரல் அங்கே எட்டவில்லை. இவர்கள் குரல்தான் எட்டியது.

"கால நீட்டாதடி, கைகோத்துச் சங்கிலி போட்டுக்கிட்டு நிக்கறாளுங்க!"

"கோட்டப் பாரு, கோட்டப் பாரு!"

"கணுக்கால புடிடின்னா, என்னத்த தடவிக்கிட்டு இருக்கற?"

திட்டு வாங்கியவர்கள் எங்கோ வடக்கில் பிறந்த, தமிழே தெரியாத பெண்கள். ஆனால் பக்கத்து மனையில் இவர்கள் ஒருவரையொருவர் திட்டும் அதே சொற்கள், அதே உரிமை. தேசிய அணி என்பது ஏதோ ஏசி அரங்கில் தயாராகி வருவது என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண்களும் ஆட்டுப்புழுக்கை கிடக்கும் ஒரு மனையில்தான் தொடங்கியிருப்பார்கள். அங்கேயும் ஒரு வாத்தியார் ஜல்லி கொட்டியிருப்பார். நாளைக்கு மேஸ்திரி வருவான் என்ற நினைப்பு வந்ததும் ஸ்டூல் குத்தத் தொடங்கியது.

திடீரென்று வீடே அதிர்ந்தது. கதவைத் தட்டினார்கள்.

"சார், வெளிய வாங்க! ஜெயிச்சாச்சு!"

யாரோ என் வாயில் ஒரு பிடி சர்க்கரையைப் போட்டார்கள். நான் சர்க்கரை நோயாளி; மனைவிகூடத் தடுக்கவில்லை. எனக்குத்தான் அது இனிக்கவில்லை.

"நாளைக்கு மனையச் சுத்தி மதில் கட்டறேன்" என்றேன். "உங்களைத் துரத்தத்தான். பையன் வீடு கட்டறான்னு சொன்னதும் பொய்."

தலைவி முந்தானை மாதிரித் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தாள்.

"தெரியுங்க சார்."

"எப்படி?"

"நீங்க புடிச்ச மேஸ்திரி எங்க வூட்டுக்காரருதானுங்க. யாருகிட்டயும் சொல்லாதன்னு நீங்க சொன்னதையும் சேத்துத்தான் சொன்னாரு."

"தெரிஞ்சுமா என் வீட்டுக்கு வந்தீங்க?"

"மேட்ச்சு பாக்க வந்தோங்க."

வேலையை நிறுத்திவிடச் சொல் என்றேன்.

"அய்யோ, வேண்டாங்க! கட்டட்டும். செவுரு இருந்தா ஆடு உள்ள வராது. கேட்டு மட்டும் தெருப்பக்கம் வச்சுருங்க."

மதில் எழுந்தது. கேட் தெருப்பக்கம், சாவி தலைவியிடம். ஜல்லி அஸ்திவாரத்துக்குப் போனதால் ஸ்கூட்டருக்கும் விடுதலை. மாவட்டப் போட்டியன்று வேனில் முன்சீட்டை எனக்குக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். மன்னித்துவிட்டார்கள் என்று மனம் நெகிழ்ந்து இறங்கினேன். தலைவி மைதானத்தின் கோடியில் இருந்த கழிப்பறையைக் காட்டினாள்.

"ஸ்டூலு கொண்டாந்திருக்கறேங்க சார்."

ஸ்டூலை வாங்கிக்கொண்டு நடந்தேன்.