காட்சிக்கூடத்து அபாயச் சங்கு

எங்கள் வட்டார வரலாறு எனக்குக் கடலைப் பிண்ணாக்கு வாசனையோடுதான் அறிமுகமாயிற்று. தண்டையார்பேட்டையில் ஓர் எண்ணெய் மில்லின் மதிலை ஒட்டிய தகரக் கொட்டகையில், துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற தனகோட்டி சார், துருப்பிடித்த நங்கூரம், உப்பளத்து மரக்கால், திமிங்கிலத்தின் முதுகெலும்பு என்று கிடைத்ததையெல்லாம் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அட்டை எழுதிக் காட்சிக்கூடம் நடத்திவந்தார். எழும்பூர் மியூசியத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் "செத்த காலேஜ்" என்பதால், இது "குட்டி செத்த காலேஜ்" ஆயிற்று. யுத்தம் முடிந்து ஐந்தாறு வருஷமிருக்கும். நான் ஐந்தாம் வகுப்பை இரண்டாம் முறையாக ஆராய்ந்துகொண்டிருந்த காலம்.

"கண்ணால பாரு, கையால பாக்காத" என்பது தனகோட்டி சாரின் ஒரே சட்டம். அவர் டீ குடிக்கப் போன ஒரு பிற்பகல், மூன்று மணி சுமாருக்கு, யுத்தகாலத்தில் விமானம் வந்தால் ஊரை எச்சரிக்க வைத்திருந்த அபாயச் சங்கின் கைப்பிடியை நான் கையால் பார்த்தேன். நாலு சுற்றுக்கே ஊளையிட ஆரம்பித்த அது, நான் விட்ட பிறகும் தன்பாட்டுக்கு அழுது தீர்த்துத்தான் அடங்கியது. அது அடங்கியதும் மதிலுக்கப்பால் மில் இயந்திரங்களும் ஒவ்வொன்றாக அடங்கின. கேட் திறந்தது. ஐந்து மணிக்கு மில் சங்கு ஊதியதும் வருகிற மாதிரியே ஆட்கள் வெளியே வந்தார்கள். முதல் ஆளாக, தூக்குச்சட்டியும் கையுமாக, என் அப்பா, என் நைனா.

பின்னாலேயே மேஸ்திரி ஓடிவந்தார்.

"இன்னாய்யா, எங்க கெளம்பிட்டீங்க?"

"சங்கு ஊதிச்சே மேஸ்திரி," என்றார் நைனா.

"நான் கயித்த இழுக்காம ஏதுய்யா சங்கு? மணி மூணுதான் ஆவுது. ஸ்ட்ரைக்குக்கு சிக்னலு வச்சிகினீங்களா?"

ஸ்ட்ரைக்கில் முதலில் வெளியே வந்தவனுக்கு மறுநாள் கேட் திறக்காது என்பது அந்தக் காலத்தில் எனக்கே தெரியும். "நான்தான் ஊதினேன்" என்று போய்ச் சொன்னால் நைனாவின் வேலை தப்பும். என் முதுகு தப்பாது. இரண்டையும் நன்றாக யோசித்துப் பார்த்து, திமிங்கிலத்து எலும்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். காது மட்டும் தகரத்தோடு ஒட்டியிருந்தது.

முதலாளி வந்தார். கூட்டத்தைக் கண்டு ஸ்ட்ரைக் என்றே அவரும் நம்பிவிட்டார் போலிருக்கிறது. "உங்களுக்கு என்னதாம்பா வேணும்?" என்ற குரல் அத்தனை பணிவாக இருந்தது.

நைனா, "குடிக்கத் தண்ணி, மொதலாளி. பானை ஒடஞ்சி மூணு மாசமாவுது," என்றார்.

"இவ்வளவுதானா?"

மறுநாள் இரண்டு புதுப் பானைகள் வந்தன. நைனா அன்றிலிருந்து "தலைவரு". விஷயத்தை ஊகித்துவிட்ட தனகோட்டி சார், என் காதைத் திருகிய கையோடு கைப்பிடியையும் கழற்றி, எதிர்ச்சுவரில் மாட்டி, அதற்கும் ஓர் அட்டை எழுதிவிட்டார்.

நைனா வேலையிலிருந்து நின்ற பிறகுதான் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், மீனில் முள்ளை எடுத்தபடியே சொன்னார்: "அப்பவே பத்து வருசமா அந்த மில்லு சங்க கேட்டவன்டா நானு. இது வேற சத்தம்னு தெரியாதா?"

"அப்போ இன்னாத்துக்கு நைனா வெளிய வந்தே?"

"வாட்ச்மேன் கேட்டத் தொறந்துட்டான். தாகமா இருந்திச்சி."

இப்போது அங்கே கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. மில் இல்லை, கொட்டகை இல்லை, நைனாவும் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் நான் பத்திரமாக வைத்திருந்த அந்தக் குற்றம்கூட என்னுடையது இல்லையென்று ஆகிவிட்டது.