ஏலக்காவுக்கு ஓர் அறை

"மூச்சு விடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஏலக்கா பொத்தானை அழுத்துகிறார். திரையில் வட்டம் சுற்றுகிறது. மேசைக்கு இந்தப் பக்கம், பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு நிற்கும் பேங்க்காரர், நிஜமாகவே மூச்சு விடக் கூடாதோ என்று முழிக்கிறார். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு கடற்கரைப் பக்கம் தங்க அவருக்கு அறை வேண்டும்; அதுவும் பாதி விலையில். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் நடக்கிற வேலையா இது என்று கேட்காதீர்கள். போன மாதம் மருத்துவரம்மாவே தன் மாமியாருக்கு இங்கேதான் அறை பிடித்தார்.

ஏலம் கேட்கிற அக்கா, ஏலக்கா. யார் வைத்த பெயரோ, ஒட்டிக்கொண்டுவிட்டது. புதிதாக வருகிறவர்கள் ஏதோ ஏலக்காய் விற்கிறவராக்கும் என்று நினைத்துக் கால் கிலோ என்ன விலை என்று விசாரிப்பதும் உண்டு. "வாசனைக்குத்தான் இருக்கேன், விக்கறதுக்கு இல்ல" என்பார்.

அவர் மேய்கிற இணையதளத்தில் விலையைச் சொல்ல வேண்டியது நாம்தான். எந்தப் பகுதி, எத்தனை நட்சத்திரம், எந்தத் தேதி, எவ்வளவு தருவோம் என்று போட வேண்டும். எந்த ஓட்டல் என்பது, ஓட்டல்காரன் தலையாட்டி, நம் கார்டில் பணமும் போன பிறகுதான் தெரியும். அப்புறம் குட்டிக்கரணம் போட்டாலும் ரத்து கிடையாது. மாட்டேன் என்றுவிட்டானா, பகுதியையோ நட்சத்திரத்தையோ மாற்றினால்தான் அன்றைக்கே மறுபடி கேட்கலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வியாபாரம். நாமெல்லாம் எடுத்த கார்டை மறுபடி பர்சிலேயே வைத்துவிடுவோம். ஏலக்காவுக்கோ அதுதான் மதியச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள.

முழு எண் போடவே மாட்டார். "ரெண்டாயிரம்னு போட்டா, வசதியான பார்ட்டின்னு நெனைச்சுக்குவான். ரெண்டாயிரத்தி மூணுன்னு போடு. ஐயோ பாவம், கையில இருக்கறதைத் தொடச்சுக் குடுக்கறாங்கன்னு மனசு எறங்குவான்." திரைக்கு அந்தப் பக்கம் இருப்பது இயந்திரம், அதற்கு ஏது மனசு என்று சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு உங்களுக்கு அறை கிடையாது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிற நாட்களில் அவருக்குக் கூடுதல் உற்சாகம். "எல்லாரும் லீவுல போறப்ப, ஆபீஸ் வேலையா வர்றவன் தங்கற ஓட்டல்ல ஈ ஓட்டிக்கிட்டு இருப்பான். அங்க போய்க் கேக்கணும். காலி ரூமும் தக்காளியும் ஒண்ணு. இன்னிக்குப் போகலேன்னா நாளைக்குக் குப்பை."

அறை ஏலத்தில் விழுந்ததும் ஓட்டலுக்கே போன் போட்டுக் கட்டில் விவகாரத்தையும் பேசி முடிப்பார். தளத்தில் அதைக் கேட்க வழியில்லை. மருத்துவரம்மாவின் மாமியாருக்காக அவர் பேசியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். "தம்பி, மாமியாரும் மருமகளும் வர்றாங்க. ஒரே கட்டில்ல போட்டீங்கன்னா அப்புறம் உங்க ஓட்டலுக்குத்தான் சேதாரம்." இரண்டு கட்டில் வந்துவிட்டது.

இந்த விடுமுறையில் ஏலக்காவுக்கே அறை தேவைப்பட்டது. வெளியூரில் தனியாக இருக்கும் தம்பிக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை. "சின்னக்கா, நீயும் பெரியக்காவும் சேர்ந்து வந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன், இல்லேன்னா இப்படியே கெடக்கறேன்" என்று போனில் சொல்லிவிட்டான். அந்த அக்காவும் இவரும் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகிறது. அப்பாவின் கடைசி நாட்களில், அவரை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்வதா வீட்டுக்குக் கொண்டுபோவதா என்று வந்த பேச்சு. வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ஏலக்கா. "நீதான் அப்பாவைக் கொன்னுட்டே" என்றார் அக்கா. இவர் திருப்பிச் சொன்னது அதைவிட மோசம்.

அக்காவிடமிருந்து அத்தான் வழியாகத் தகவல் வந்தது. "ரெண்டு ரூமா போடச் சொல்றா. தனித்தனியா."

கூட்ட நாளில் இரண்டை ஒன்றாகக் கேட்டால் எவனும் மசியமாட்டான், ஒவ்வொன்றாகத்தான் கேட்க வேண்டும் என்பது ஏலக்காவின் பாடம். அப்படியே செய்தார். முதல் அறை எடுத்த எடுப்பிலேயே விழுந்தது. ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர் ஓட்டல். அடுத்த அறைக்குப் பகுதியை விரித்துக் கேட்டார். இல்லை. நட்சத்திரத்தைக் குறைத்தார். இல்லை. கடைசியில் மானத்தை விட்டு முழு எண்ணே போட்டார், அதுவும் கொழுத்த எண்ணாக. அதற்கும் இல்லை. ஓட்டலுக்குப் போன் போட்டுக் கெஞ்சினார். வேறு அறையே கிடையாது, உங்கள் அறையிலும் ஒரே பெரிய கட்டில்தான் என்றாள் அங்கிருந்த பெண்.

அத்தானைக் கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர், "அம்மா தாயே, இதை நீயே சொல்லிடு" என்று போனை அக்காவின் கையில் கொடுத்துவிட்டார்.

ஊருக்கெல்லாம் பேரம் பேசுகிறவர் இங்கே பேரமே பேசவில்லை. "ஒரு ரூம்தான் கிடைச்சுது. கட்டிலும் ஒண்ணுதான். நீ அங்க இருந்துக்க. நான் ஆஸ்பத்திரி பெஞ்சுல படுத்துக்கறேன்."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"தூக்கத்துல இன்னும் உதைப்பியா?"

"இல்லக்கா. முட்டி வலி. காலைத் தூக்கவே முடியல."

"எனக்கும் அதே சனியன்தான்." குழாய் மறுபடி திறந்தது. "சுவர் ஓரம் நான்தான் படுப்பேன், சொல்லிட்டேன்" என்று அக்கா போனை வைத்துவிட்டார். ஏலக்கா அன்று மதியம் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் மறந்தே போனார்.

மறுநாள் காலை. நாற்காலிகளில் ஆளாளுக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டல் பெண்ணே கூப்பிட்டாள். "மேடம், நேத்து கேட்டீங்களே, உங்களுக்குப் பக்கத்து ரூம் கேன்சல் ஆயிருக்கு. நீங்க சொன்ன விலைக்கே தர்றோம். போட்டுரட்டுமா?"

அறைக்கு ஆள் தேடி ஓட்டல்காரனே வருவதென்றால் சும்மாவா? வேறு யாருக்காக இருந்தாலும் மேசையைத் தட்டிக் குதித்திருப்பார்.

"வேண்டாம்மா. வேற யாருக்காவது குடுங்க" என்றார் ஏலக்கா. "எங்க ரூம்ல தலையணை மட்டும் ஒண்ணு கூட வெச்சிருங்க. எங்க அக்காவுக்கு முட்டிக்கு அடியில வெச்சுக்கணும்."

போனை வைத்தார். கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, உள்ளே போங்கள் என்று கையை மட்டும் காட்டினார்.