சீர் மெத்தையில் பூத்த பூசணம்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். அந்த மூக்குக்கு என் வீட்டு வாடை மட்டும் தெரியாமல் போனதுதான் கொடுமை.

அந்தமான் போர்ட் பிளேரில், ஃபீனிக்ஸ் பே கப்பல்துறைக்கு மேலே மேட்டில், மரப்பலகையில் கட்டிய குவார்ட்டர்ஸ் எங்களுடையது. அறுபதுகளில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தீவுக்கு வந்தவர்கள் நாங்கள். வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. கார் நிக்கோபாருக்கும் திக்லிபூருக்கும் போய் வருவதிலேயே அவருடைய நாள் பாதி கழிந்துவிடும். வீட்டில் நானும் ஏழு வயது மகளும்தான்.

ஊரில் எங்கள் வீட்டுக்குச் சிமெண்ட் தரை. வெள்ளிக்கிழமை வாளி வாளியாக ஊற்றித் தேய்த்துக் கழுவினால் தண்ணீர் வெளியே ஓடிவிடும், கொஞ்ச நேரத்தில் தரை காய்ந்துவிடும். அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கேயும் கொண்டுவந்தேன். பலகைத் தரையில் ஊற்றுகிற தண்ணீர் இடுக்கு வழியே இறங்கி மரத்தில் ஊறும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. மே மாதம் பிடித்த மழை கார்த்திகையிலும் விடாத இடம் இது. பக்கத்து பெங்காலி வீட்டம்மா ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து வேலையை முடித்துவிடுவாள். சரியான சோம்பேறி என்று நினைத்துக்கொள்வேன். சுத்தம் சோறு போடும் என்று சொல்லிச் சொல்லித்தானே என்னை வளர்த்தார்கள்.

கழுவின அந்தத் தரைமேல்தான் மெத்தை கிடக்கும். என் அம்மா சீராகக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை, சாக்குச் சுற்றிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது. மகளுக்கு மூச்சு இளைப்பு வர ஆரம்பித்ததும் நான் பாய்க்கு மாறி அவளை மெத்தையில் போட்டேன். உள்ளதில் நல்லதைப் பிள்ளைக்குத்தானே கொடுப்போம். ஈரக்காற்று படக்கூடாதென்று ஜன்னலை அடைத்தேன். சுவரில் பூசணம் பூத்தால் துடைத்துவிட்டு மேலே சுண்ணாம்பு அடித்தேன். பிள்ளை தோள் ஏறி இறங்க மூச்சுக்குத் திணறும்போது சாம்பிராணி வேறு போட்டேன். ஆஸ்பத்திரி மருந்து, கற்பூரவல்லிச் சாறு, எதையும் விட்டுவைக்கவில்லை. பர்சாத் முடியட்டும், சரியாகிவிடும் என்பார் வீட்டுக்காரர். மழைக்காலத்துக்குத் தீவில் எல்லார் வாயிலும் அந்த இந்திச் சொல்தான்.

சரிவுக்குக் கீழே, கடலோரம், தூத்துக்குடிப் பக்கத்து வேதக்காரக் குடும்பம் ஒன்று இருந்தது. மீன்பிடிக்கிற கிறிஸ்தவர்கள். அந்த வீட்டுப் பெண் என்னை அக்கா என்பாள், என் மகள் அவளைச் சித்தி என்பாள். மூங்கில் தட்டிச் சுவர். கடல் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் அங்கேதான் ஓடுவாள். வெறும் ஓலைப்பாயில் படுத்துத் தூங்கிவிட்டு, பொழுது சாயும்போது மனசில்லாமல் மேடேறி வருவாள்.

ஒருநாள் மீன் கொண்டுவந்த அந்தப் பெண் வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீய. ஒங்க வீட்டுக்குள்ள பூசண வாடை அடிக்கி. பிள்ள எங்க வீட்ல கெடந்தா நல்லா மூச்சு விடுதா. இங்க வந்தாத்தான் இளைக்கி. அந்த மெத்தைய வெளிய தூக்கிப் போடுங்கக்கா."

வந்ததே எனக்கு ஆத்திரம்! வெள்ளி தவறாமல் வீடு கழுவுகிறவளிடம் வந்து வாடை என்கிறாளே. அதுவும் என் அம்மா கொடுத்த மெத்தையை. "ஒங்க வீட்டுக் கருவாட்டு நாத்தத்த விடவா?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் செத்துப்போயிற்று. மீனை வைத்துவிட்டுப் போனாள்.

அன்றோடு மகளை அங்கே போகவிடாமல் நிறுத்தினேன். உப்புக்காற்றும் மீனும்தான் இளைப்புக்குக் காரணம் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். மீறிப் போனால் காலை ஒடித்துவிடுவேன் என்று அவளிடம் சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை நேரே வீட்டுக்கு வந்து மெத்தையில் படுத்துக்கொண்டாள். அந்த மழைக்காலம் முழுக்க அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே கிடந்தால் தேறுவாள், வீட்டுக்கு வந்தால் பழையபடி ஆகிவிடும். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

மறுவருஷம் லீவில் மெயின்லேண்ட் போனோம். கப்பலில் நான்தான் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தேன். அவள் மேல்தளத்தில் ஓடி விளையாடினாள். ஊரில் இருந்தவரை இளைப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

திரும்பி வந்து, பூட்டிக் கிடந்த குவார்ட்டர்ஸைத் திறந்தேன். குப்பென்று முகத்தில் அடித்தது. வாசலில் நின்று அந்த மீன்காரப் பெண் சொன்னாளே, அந்த வாடை. அப்போதும் வீடு பூட்டிக் கிடந்ததால்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். வீட்டுக்காரர் பெட்டி தூக்கிவரக் கீழே போயிருந்தார். களைத்து வந்த பிள்ளை மெத்தையில் சாய்ந்தாள். நான் அடுப்பில் வைத்த டீத்தண்ணீர் கொதிப்பதற்குள் அவளுக்குத் தோள் ஏறி இறங்கத் தொடங்கிவிட்டது.

அவளை எழுப்பி நிறுத்திவிட்டு, அரிவாள்மணையை இழுத்து மெத்தைத் தையலைக் கிழித்தேன். உள்ளே பஞ்சு கட்டி கட்டியாகக் கறுத்துக் கிடந்தது. பொடி பறந்து எனக்கே தொண்டை அடைத்தது. மெத்தையைப் புரட்டினால் அடியில் பலகை பச்சை பிடித்துச் சொதசொதவென்று இருந்தது. பாவி நான், இத்தனை காலமும் பிள்ளை முகத்தை இதில்தான் அழுத்தி வைத்திருந்தேன்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சுக்கு நடுவே கேட்டாள்:

"அம்மா, திட்டாதம்மா. சித்தி வீட்டுக்குப் போயி கொஞ்சம் மூச்சு விட்டுட்டு வந்துரட்டா?"

அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என் வாய்க்குப் பயந்து அந்த மெத்தையிலேயே கிடந்திருக்கிறாள்.

தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினேன். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் பாயை விரித்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கருவாடு என்று சொல்ல மட்டும் வந்த வாய்.

மெத்தையை எரித்தோம், தரையை மாற்றினோம், ஜன்னலைத் திறந்து வைத்தோம். இளைப்பு குறைந்ததே தவிர முழுசாக விடவில்லை. மகள் இப்போது பேரன் எடுத்துவிட்டாள், கைப்பையில் மருந்து இல்லாமல் எங்கேயும் போக மாட்டாள். என்னைப் பார்க்க வந்தால் நேரே ஜன்னலிடம்தான் போவாள். கொக்கியில் கை வைத்தபடி, "தெறக்கட்டாம்மா?" என்று என் முகத்தைப் பார்ப்பாள். இன்றைக்கும் கேட்டுவிட்டுத்தான் திறக்கிறாள்.