தேய்த்துக் கெடுத்த காசு

பழைய காசு சேர்ப்பவர்களைப் போல அழுக்கை மதிப்பவர்களை நான் பார்த்ததில்லை. நூறு வருடக் கறுப்பு அப்படியே இருந்தால்தான் காசுக்கு மரியாதை. தேய்த்துப் பளபளப்பாக்கினால் போச்சு. குளிக்கச் சோம்பல்படுகிறவர்கள் இந்தச் சங்கத்தில் உடனே சேரலாம்.

எங்கள் லிஃப்ட் மெக்கானிக்கும் அதில் ஓர் ஆள். ஊரார் வீட்டு மாடிகளுக்கு ஏறி இறங்கியே பாதி ஆயுள் போயிற்று. மீதியை, அவருடைய ஆல்பத்தில் காலியாகக் கிடந்த ஒரே ஒரு குழி தின்றுகொண்டிருந்தது. அதில் வைக்கவேண்டிய காசு, சங்கத்துக்குப் புதிதாக வந்த மருந்துக்கடை அம்மாவிடம் இருந்தது. "உங்ககிட்ட இருக்கிற குதிரை படம் போட்ட காசைக் குடுத்துட்டு இதை எடுத்துக்கோங்க" என்று சொல்லியிருந்தார்.

ஞாயிறு காலை கிளம்பும்போது பார்த்தால், காசிலிருந்த குதிரை பல்லைக் காட்டி மின்னுகிறது.

"என்னம்மா பண்ணின?"

"பேஸ்ட் போட்டுத் தேய்ச்சேன். நாலு பேர் பாக்கிறத அழுக்கோடயா குடுப்பீங்க?" என்றார் மனைவி.

அன்பாகச் செய்த காரியத்துக்கு எந்த வீட்டிலும் அப்பீல் கிடையாது. மெக்கானிக் செருப்பை மாட்டினார்.

ஜெராக்ஸ் கடை மாடியில் சங்கக் கூட்டம். மருந்துக்கடை அம்மாவுக்குக் கண் விரிந்தது. "அடேயப்பா, நேத்து அடிச்ச மாதிரி இருக்கே!"

சங்கத் தலைவர் மெக்கானிக்கின் காதைக் கடித்தார்: "வாயத் தொறக்காதப்பா. அவங்களே சந்தோஷமாத்தான இருக்காங்க."

தேடிய காசு உள்ளங்கைக்கே வந்துவிட்டது. விரல்தான் மூட மறுத்தது.

"வேண்டாம்மா. நான் குடுத்தது தேய்ச்ச காசு. இவ்வளவு மின்னினாலே சந்தேகப்படணும். விவரம் தெரிஞ்சவங்க தொட மாட்டாங்க."

அந்த அம்மா தன் காசைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நியாயம்தான், ஆனால் மெக்கானிக்கின் முகம் பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டைப் போல ஆயிற்று. அம்மா பைக்குள் துழாவி, கண்ணாடியாய் மின்னிய இன்னொரு காசைத் தலைவர் முன்னால் வைத்தார்.

"அப்போ அண்ணே, போன மாசம் நீங்க எனக்கு வித்தது?"

தலைவருக்கு இருமல் வந்தது. "அது... என் மச்சான் தேய்ச்சிருப்பான்."

"உனக்கு ஏதுய்யா மச்சான்?" என்றது பின்வரிசை.

தலைவர் காசை வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பினார். அதைப் பார்த்து வேறு இரண்டு பேரும் தாங்கள் விற்றவற்றின் குறைகளை மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். வெட்கமும் தொற்றக்கூடியதுதான் போலிருக்கிறது.

"தேய்க்காத குதிரைக் காசு இன்னொண்ணு கிடைக்குமா?" என்று அந்த அம்மா மெக்கானிக்கிடம் கேட்டார்.

"தேடணும். ரொம்ப நாளாகும்."

"ஆகட்டும். அதுவரைக்கும் உங்களுக்கு வேண்டிய காசை வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். நான் எது வாங்கினாலும் முன்னாடி நீங்க ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க."

குழி இன்னும் காலிதான். மனிதர் மட்டும் விசிலடித்துக்கொண்டு படியிறங்கினார்.