பாதிரியாரின் அண்ணனுக்குத் தீர்ப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் வேலூரில் ஒரு நாளிதழில் வேலை பார்த்தேன். ஜவ்வாது மலையில் மருந்தகம் நடத்திவந்த செக்கோஸ்லோவாக்கியப் பாதிரியார் ஒருவர் எனக்குப் பழக்கம். வாலிபத்தில் அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் அரசு அவரைச் சிறையில் அடைத்திருந்தது. விடுதலையானதும் எல்லை தாண்டித் தப்பினார். அண்ணனும் பாதிரியார்தான், ஆனால் அங்கேயே இருந்துவிட்டார். பூசை வைக்க அங்கே அரசு உரிமம் வேண்டும். அண்ணனின் உரிமத்தைப் பறித்துவிட்டார்கள். ஒரு வீட்டுச் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பூசை வைத்தார் என்று அவர்மீது வழக்கு. வெளிநாட்டுச் செய்திகள் வந்து விழும் எங்கள் அலுவலக டெலிபிரிண்டரில் தீர்ப்பு வந்தால் சொல்லும்படி தம்பி என்னைக் கேட்டிருந்தார். நான் மலைக்குப் போகும்போதெல்லாம் நோயாளியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

ஒரு மாசி மாதத்தில் மூன்று வரிச் செய்தி வந்தது. எங்கள் பத்திரிகையில் அதற்கு இடமில்லை. மறுநாள் போளூரில் பஸ் மாறி மலையேறினேன்.

அவர் பக்கத்து ஊருக்கு ஊசி போடப் போயிருந்தார். சமையல் செய்யும் மலைக்கார அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, உள்ளே உட்காரச் சொன்னார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேண்டாம் என்று சொல்லி வாசலிலேயே நடந்துகொண்டிருந்தேன். சாவுச் சேதி கொண்டுவருகிறவன் அந்த ஊர்களில் வீட்டுக்குள் வரமாட்டான், தண்ணீரும் தொடமாட்டான். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், எரிந்துகொண்டிருந்த விறகை இழுத்து அணைத்தார். சாமைச் சோறு பாதி வெந்து நின்றது.

பாதிரியார் திரும்பியபோது ஊர்க்காரர்கள் கைகட்டி நின்றிருந்தார்கள். அப்படி நிற்பதன் அர்த்தம் அவருக்குத் தெரியும்.

“எப்போது?” என்று என்னைக் கேட்டார்.

“உயிரோடுதான் இருக்கிறார் ஃபாதர். இரண்டு வருஷம் தண்டனை.”

“உசுரோட கீறாரா?” அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “அப்ப இன்னாத்துக்கு சார் தண்ணி வாணான்னீங்க? சோறு பாழாப் போச்சு.”

யாரோ சிரித்தார்கள். பாதிரியாரும் சிரித்தார். உடனே, எந்தச் சிறை என்று கேட்டார். செய்தியில் அது இல்லை. ஒரு சிறையில் ஆஸ்பத்திரி உண்டு, இன்னொன்றில் நாள் முழுக்கக் கண்ணாடிக்குப் பட்டை தீட்டும் வேலை என்றார். அண்ணனுக்கு எழுபது வயது, இதய நோய். மூன்று வரியையும் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுபடியும் கேட்டார்.

“வயசானவர போயி வேல வாங்குவாங்களா சாமி?” என்றார் அந்த அம்மா.

பாதிரியார் தோள்பையை இறக்காமலே, கீழே போகும் பஸ் எத்தனை மணிக்கு, டெலிபிரிண்டர் அறையில் தன்னை உட்கார விடுவார்களா என்று என்னைக் கேட்டார்.